ராணிக்கு வராத வசனம்

வாகைக்குறிச்சியில் பெண்கள் மட்டுமே சேர்ந்து அபயவர்மன் நாடகம் போடத் தொடங்கிய மாசி மாதத்தில்தான், ராணியின் வசனங்கள் ராணியாக நடித்தவள் வாயிலிருந்து வராமல் ஊரிலிருந்த ஆண்களின் வாயிலிருந்து வர ஆரம்பித்தன. அந்த வருஷம் வெயிலும் முன்னதாகவே வந்துவிட்டது, முருங்கையும் முன்னதாகவே பூத்துவிட்டது, ஆகவே ஊர்க்காரர்கள் இதையும் அந்த வருஷத்தின் போக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் நூறு வருஷமாக ஆடிவந்த நாடகம் அது. எவனோ சொன்ன பேச்சைக் கேட்டு ராஜா அபயவர்மன் தன் ராணி கோமளாங்கியைச் சந்தேகப்பட்டுக் காட்டுக்கு அனுப்புகிறான், பல வருஷம் கழித்துச் சந்தேகம் பொய் என்று தெரிந்து திரும்ப அழைக்கிறான், அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள், அவன் பதில் சொல்கிறான், அவள் காலில் விழுகிறாள், மங்களம் பாடி முடித்துவிடுவார்கள். ராஜபார்ட்டும் ஆண், ராணியாக வரும் ஸ்திரீபார்ட்டும் ஆண், தோழியும் ஆண், காட்டில் ராணிக்குப் பிரசவம் பார்க்கிற வேட்டுவச்சிகூட ஆண்தான். பெண்களுக்குப் பாயை விரித்து உட்கார்ந்து அழுகிற வேலை மட்டும் இருந்தது. அந்த நாடகத்தைத்தான் மகளிர் கல்லூரியில் தமிழ் நடத்தும் மெர்சி டீச்சர் கையில் எடுத்தார்.

“நூறு வருஷம் ஆம்பளைங்களே பொம்பளையா நின்னு அழுதாச்சு. இனி நாம ஆம்பளையா நின்னு அதட்டிப் பாப்போம்” என்றார் டீச்சர். கிரீடம் கிடையாது, ஜிகினா கிடையாது, ஒட்டுமீசை கிடையாது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் கைத்தறிச் சேலை. யார் ராஜாவோ அவள் தோளில் ஒரு துண்டு. மேடையில் ஒரு முக்காலி, அதுதான் சிங்காசனம்.

ராஜாவாக நடிக்க வந்தவள் ஆவுடைத்தங்கம். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸ். அவள் உள்ளே நின்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் “முக்கு!” என்று சத்தம் கொடுத்தால் வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். வார்டில் வேலை இல்லாத நேரத்தில் மருந்து அலமாரியைக் கலைத்து அடுக்குவாள், வீட்டில் வேலை முடிந்த பிறகு மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள், ஏன் நடக்கிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். டீச்சர் முதலில் ராணி வேஷத்தைத்தான் அவளுக்குக் கொடுத்தார்.

“ராணி எனக்கு வேண்டாம் டீச்சர். ராஜான்னா நடிக்கேன், இல்லன்னா டியூட்டி பாக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டாள்.

காரணத்தை அவள் சொல்லவில்லை. ஊருக்கு ஓரளவு தெரியும். கல்யாணமான மூன்றாம் வருஷம், அவள் பஸ் ஸ்டாண்டில் எவனோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்று எவனோ வந்து அவள் புருஷன் வேலாயுதத்திடம் சொன்னான். சிரித்துப் பேசியது அவளோடு நர்சிங் படித்த ஒருத்தியின் அண்ணனோடு. வேலாயுதம் விசாரிக்கவில்லை, சண்டை போடவில்லை, “கொஞ்ச நாள் ஒங்க அம்மா வீட்ல போய் இரு” என்று மட்டும் சொன்னார். இரண்டு மழைக்காலம் அங்கே இருந்தாள். பிறகு ஒரு நாள் அவரே வந்து வாசலில் நின்று “கெளம்பு” என்றார். கிளம்பினாள். அதற்குப் பிறகு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூரில் படிக்கப் போயும் விட்டாள். அந்த இரண்டு மழைக்காலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலாயுதம் கரண்ட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுகளை எண்ணிக்கொண்டே வேலை பார்க்க வேண்டும், பேசினால் எண்ணிக்கை தப்பிப்போகும், அதனால் பேசாமலிருப்பது அவருக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது என்று சொல்பவர்கள் உண்டு.

ராணி வேஷம் மாவுக்கடை சுடலைவடிவுக்குப் போனது. வடிவு காலையில் கிரைண்டர் சுவிட்சைப் போடும்போது வாயைத் திறந்தால் மாவு தீர்ந்த பிறகும் மூடாதவள். அப்பேர்ப்பட்டவள், சமுதாய நலக்கூடத்தில் முதல் நாள் ஒத்திகையில் ராணியின் முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. அதே நொடியில் அடுத்த தெருவிலிருக்கும் பஸ் ஸ்டாண்டின் ஒலிபெருக்கியில் டைம்கீப்பர் சிதம்பரநாதன் குரல் கேட்டது.

“திருச்செந்தூர் செல்லும் வண்டி புறப்படத் தயாராக... சுவாமி, விடியுமுன் வாசலில் தேர் நிற்கிறதே, யாருக்காக?”

கூடத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஆவுடை மட்டும், பிரசவ வார்டில் எது வந்தாலும் கையில் ஏந்திப் பழகியவள், துண்டைச் சரிசெய்துகொண்டு ராஜாவின் பதிலைச் சொன்னாள்: “உனக்காகத்தான் தேவி.”

பஸ் ஸ்டாண்டில் இருந்த பயணிகள், தேர் எந்த பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று கேட்டுவிட்டு அவரவர் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ஒத்திகை நடக்கிற சாயங்கால வேளைகளில் ராணியின் வசனம் ஒவ்வொன்றும் ஊருக்குள் ஒரு ஆண்பிள்ளையைத் தேடிப்பிடித்து அவன் வாய்வழியாக வந்தது. தலைமைக் காவலர் புகார் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, “நான் வளர்த்த கிளிக்கு இனி யார் பழம் வைப்பார்கள்?” என்று கேட்டு மூக்கை உறிஞ்சினார், புகார் கொடுக்க வந்தவன், “நா வைக்கேன் சார், அழாதீங்க” என்றான். மாதா கோயிலில் பாதர் பிரசங்கத்தின் நடுவில், “சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ள இந்த வீட்டு மண் கொஞ்சம் கொடுங்கள்” என்றார். சபையார் ஆமென் சொன்னார்கள். ரைஸ்மில் முதலாளி பலவேசம், வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துகொள்ளும்படி ஆண்டு வந்தவர், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “காட்டில் எனக்குப் பயமில்லை சுவாமி, அரண்மனையில்தான் பயமாக இருந்தது” என்றார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி தலையைத் தூக்கிப் பார்த்து, “எனக்குந்தான்” என்று சொல்லிவிட்டு மீதி மூடியையும் துருவினாள்.

ஊர் சீக்கிரத்தில் இதற்கு வழி பண்ணிக்கொண்டது. ஒத்திகை தொடங்கும்போது கூடத்தின் மணியை அடித்துவிட வேண்டும் என்று முடிவானது. மணி கேட்டால் சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார், ஏணியில் நிற்கிறவன் இறங்கிவிடுவான், வாயில் வெற்றிலை இருப்பவன் துப்பிவிடுவான். பெண் பார்க்கப் போவதையும் பாங்கில் கடன் கேட்கப் போவதையும் காலையிலேயே முடித்துக்கொண்டார்கள். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வசனம் எட்டாது என்பதும் தெரிந்துபோயிற்று. பால்வண்டிக்காரன் ஒருவனுக்குப் பாலத்தில் போகும்போது பாதி வசனம் வந்து, அக்கரை ஏறியதும் மீதி நின்றுபோய், மறுநாள் திரும்பி வந்து இக்கரையில் இறங்கி நின்று முடித்துவிட்டுப் போனான். வெட்கப்பட்டவர்கள் மணி அடித்ததும் பாலத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள். வேறு சிலர் இருந்தார்கள், அவர்கள் மணி அடித்ததும் முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசலில் வந்து நின்றார்கள். சிதம்பரநாதன் தனக்கு இன்னொரு தடவை வருமா என்று மெர்சி டீச்சரிடமே வந்து கேட்டார்.

“என் கையில இல்ல சார்” என்றார் டீச்சர்.

“அழுகைக் கட்டம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க டீச்சர். எங்க அப்பா செத்தப்பக்கூட நான் சரியா அழல” என்றார் சிதம்பரநாதன்.

இப்படி ஊரில் மீசை வைத்தவன், வைக்காதவன், வாத்தியார், வட்டச்செயலாளர் எல்லோருக்கும் ஒரு வரியாவது வந்துவிட்டது. வேலாயுதத்துக்கு மட்டும் வரவில்லை. ஆவுடை ஒத்திகையில் ராஜாவாக நின்று கட்டளை இட்டுக்கொண்டே காதை வெளியே விட்டிருப்பாள். மோட்டார் கடை இருக்கிற தெருவிலிருந்து ஒரு குரல் வராதா என்று இருக்கும். வந்துவிடக் கூடாதே என்றும் இருக்கும். வீட்டுக்கு வந்தால் அவர் செம்புக்கம்பியின் மினுக்கு ஒட்டிய விரலால் தோசையைப் பிட்டுக்கொண்டிருப்பார்.

“இன்னைக்கு ஏதும் வந்துச்சா?” என்பாள்.

“எதுவும் வரல” என்பார்.

அவள் எழுந்துபோய்ச் சுத்தமாக இருக்கும் அடுப்பைத் துடைப்பாள். மொட்டைமாடி நடை நீண்டுகொண்டே போயிற்று.

கடைசிக் காட்சிக்கு வந்தார்கள். காட்டிலிருந்து திரும்பிய ராணி கேட்கிற அந்த ஒரே கேள்வி. பழைய கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்காரர் அதை வேகமாகச் சொல்வார், அதோடு மத்தளமும் சேர்ந்து முழங்கும், யாருக்கும் சரியாகக் காதில் விழாது. “நான் படியிறங்கிப் போனபோது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்பது கேள்வி. “அரசன் பார்வை எட்டுத் திசையிலும் இருக்கும், ஒரு பெண்ணின் முதுகில் இருக்காது” என்பது ராஜாவின் பதில். டீச்சர் மத்தளத்தை எடுத்துவிட்டார். வடிவு வாயைத் திறந்தாள், காத்திருந்தாள். ஊர் முழுக்க ஆண்கள் காத்திருந்தார்கள். யாருக்கும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும். அதற்குப் பதில் ஆண்கள் எல்லோருக்கும் இருமல் வந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தொண்டையில் நெல் உமி சிக்கியதுபோல ஒரு கரகரப்பு. மருந்துக்கடையில் இருமல் டானிக் தீர்ந்தது, சந்தையில் சித்தரத்தை தீர்ந்தது. கேள்வி ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்கு இடம் மாறிக்கொண்டு, உரியவரைத் தேடி ஊரைச் சுற்றுகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆண்கள் தூங்கவில்லை, தூங்காத ஆண்களைப் பார்த்துப் பெண்களும் தூங்கவில்லை. தெரு நாய்கள்கூட ஒரு இடத்தில் படுக்காமல் எழுந்து எழுந்து மாறிப் படுத்தன. கிளம்பிய பஸ்கள் எதையோ மறந்ததுபோல வாசலில் நின்று யோசித்துவிட்டுப் போயின.

நாடகத்துக்கு முந்தின நாள் வேலாயுதம் இருமினார். சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தாமல் இருமினார். ஆவுடை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“நாளைக்குச் சாத்தான்குளம் பக்கம் ஒரு மோட்டார் பாக்கணும். வர லேட்டாகும்” என்றார்.

“பாலத்துக்கு அங்கிட்டா?”

“ம்.”

அவளுக்கு என்னவெல்லாமோ வாயில் வந்தது. “சரி, சட்டைய அயர்ன் பண்ணி வைக்கேன்” என்றாள். அயர்ன் பண்ணினாள். பண்ணிய சட்டையையே இன்னொரு தடவை பண்ணினாள். காலர் ஓரம் மஞ்சளாகப் போகிற வரைக்கும் பெட்டியை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாய்ந்த பிறகு நாடகம். மெர்சி டீச்சர் ஊர் ஆண்கள் அனைவரையும் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். அவர்கள் இல்லாவிட்டால் ராணி ஊமை. அவர்கள் எண்ணெய் வைத்துத் தலைவாரி, முழுக்கைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். தொண்டைக்கு ஆளுக்கொரு கிராம்பு. பலவேசத்தின் பெண்டாட்டி அவர் காதருகே குனிந்து, “வந்தாத் தெளிவாச் சொல்லணும், முழுங்கப்படாது” என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு எரிந்தது. தோளில் துண்டோடு ஆவுடை வந்து முக்காலியில் கால்வைத்து நின்றாள். ராணியின் வசனங்கள் கூடத்துக்குள் கிளிபோல ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்குத் தாவின. நான்காம் வரிசையில் தபால்காரர் கெஞ்சினார், கதவோரம் கறிக்கடை சாயபு விம்மினார், சிதம்பரநாதனுக்கு அவர் கேட்டபடியே காட்டில் தனியாகப் பிள்ளை பெறுகிற கட்டம் வந்தது, எழுந்து நின்று கூடம் அதிர அழுது முடித்து, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிறைந்த முகத்தோடு உட்கார்ந்தார். மேடையில் வடிவு உதட்டை மட்டும் அசைத்தாள். யார் குரல், யார் உடம்பு என்று யாரும் குழம்பவில்லை.

கடைசிக் காட்சி. ராணி படியேறி வந்து ராஜாவின் முன் நின்றாள். வாயைத் திறந்தாள்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வடிவின் திறந்த வாய் அப்படியே நின்றது. ஆவுடைக்குக் கால் பரபரத்தது, மேடையை விட்டு இறங்கி எங்காவது நடந்துகொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. ராஜா நகரக் கூடாது என்பதால் நின்றாள்.

கூடத்தின் பின்கதவு திறந்தது. வேலாயுதம் நின்றார். இரண்டு தடவை அயர்ன் பண்ணிய சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பாலத்தைத் தாண்டிப் போய், அக்கரையில் இருமல் நின்றதும் வண்டியை நிறுத்தி, வெகுநேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார் என்று பாலத்தருகே கரும்புச்சாறு விற்கிறவன் பிறகு சொன்னான். உள்ளே வந்ததும் ஒரு தடவை இருமினார். பிறகு அவர் குரல், ஊரில் பலர் முழு வாக்கியமாகக் கேட்டே இராத அந்தக் குரல், தெளிவாக வந்தது.

“நான் படியிறங்கிப் போனபோது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?”

கூடத்திலிருந்த அத்தனை ஆண்களின் தொண்டையும் ஒரே நேரத்தில் தெளிந்தது. எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள்.

ஆவுடைக்கு வசனம் தெரியும். எட்டுத் திசை, ஒரு பெண்ணின் முதுகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாக்கு நுனிவரை வந்ததை அங்கேயே நிறுத்தினாள். அவ்வளவு காலமும் தான் கேட்காத கேள்வியை அவரே தூக்கிக்கொண்டு வந்து தன் முன்னால் வைத்திருக்கிறார், அதற்குத் தானே பதிலும் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. மேடையை விட்டு இறங்கினாள். நடைபாதையில் நடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“அத நீங்கதான் சொல்லணும்” என்றாள். பிரசவ வார்டுக் குரல். வெளியே தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரன் நிறுத்தினான். “எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தீங்க?”

வேலாயுதம் வாயைத் திறந்தார். எந்த நாடகத்திலிருந்தும் எதுவும் வரவில்லை. அவர் உதடு, எண்ணிக்கையைத் தேடுவதுபோல அசைந்தது.

“ஒன் செருப்ப” என்றார்.

“என்னது?”

“ஒன் செருப்பப் பாத்துட்டு இருந்தேன். எடது கால் வாரு அறுந்திருந்தது. தைச்சுட்டுப் போன்னு சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல.”

ஆவுடை அவரையே பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் நடந்திருந்தாள். சுவரை, வானத்தை, தெருவில் போகிற மாட்டை. அதுதான் கொஞ்சமாவது தாங்கக்கூடியதாக இருந்தது.

“அந்தச் செருப்ப இழுத்துக்கிட்டேதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்” என்றாள். “பாத்தீங்களா? பாத்துட்டுமா சும்மா நின்னீங்க?”

“நின்னேன்” என்றார்.

மேடையில் காலில் விழ வேண்டிய ராணி, ராஜா இல்லாத இடத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளுக்குச் சத்தம் வந்துவிட்டது. “டீச்சர், தொண்டை தொறந்துட்டு!” என்று கத்தினாள் சுடலைவடிவு. தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தாள். “நா இப்ப யாரு கால்ல விழ?”

“விழ வேண்டாம்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரும் மறுக்கவில்லை. வடிவு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மங்களம் பாட வேண்டிய பெண்கள் பாடலாமா வேண்டாமா என்று டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் அழுதுகொண்டிருந்ததால் அவர்களாகவே பாடாமல் விட்டுவிட்டார்கள். நாடகம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே கூட்டம் எழுந்து, வெயில் இன்னும் தங்கியிருந்த தெருவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் வாகைக்குறிச்சியில் பல வீடுகளில் அடுப்பு பற்றவைக்கத் தாமதமானது. பலவேசத்தின் பெண்டாட்டி, முதல் பிள்ளைக்கு வலி கண்ட அன்று அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டாள். பாங்க் மேனேஜரின் பெண்டாட்டி தன் அம்மா செத்த அன்றைக்கு என்றாள். இனிமேல் வசனம் எழுதித் தர யாருமில்லை என்பதால், ஆண்கள் சொந்த வார்த்தைகளைத் தேடித் திணறிக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையும் வேலாயுதமும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் பால் காய்ச்சினாள். துண்டு இன்னும் தோளில் கிடந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் சொன்னத நம்புனீங்களா?” என்று அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

“நம்பல.”

பால் பொங்கி வந்தது.

“நம்பாமயா அனுப்புனீங்க?”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம். “அது... அப்ப என்னன்னா ஆவுடை... விடு, எல்லாம் பழைய கதை. தப்புதான்.”

இப்படி ஒரு ஆள் தப்புதான் என்று சொன்னால், சரி விடுங்க என்று சொல்வது அந்த ஊரில் வழக்கம். ஆவுடையின் அம்மா சொல்லியிருக்கிறாள், அத்தை சொல்லியிருக்கிறாள், வார்டில் பிள்ளை பெற்று இரத்தம் காயாமல் படுத்திருப்பவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவள் அடுப்பை அணைத்தாள். அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“இல்ல. மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள்.